பந்தயமும் படியாளும்

கண்ணமங்கலம் பக்கத்துக் காலனியில் மாலை வகுப்பு நடந்த அறையில் டிவி வைத்ததே நாங்கள்தான். 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனல் வந்திருந்தது. தமிழில் வர்ணனை கேட்கவாவது பிள்ளைகள் வருவார்கள் என்று எண்ணினோம். வந்தார்கள். ஊர்ப் பையன்களும் வந்து ஜன்னலோரம் நின்றார்கள், உள்ளே நுழையவில்லை.

2018 ஏப்ரல் 7, ஐபிஎல் முதல் ஆட்டம். சூதாட்ட விவகாரத்தில் இரண்டாண்டு தடை வாங்கிய சென்னை அணி அன்றுதான் திரும்பியது. வேடிக்கைதான். விக்கெட்டுகள் சரியச் சரிய, கல்லூரியில் படிக்கும் நம் தம்பி ஒருவன் மும்பை ஜெயிக்கும் என்று ஜன்னலோரப் பையனிடம் பந்தயம் கட்டினான். கையில் இல்லாத 1,500 ரூபாய். பிராவோ 30 பந்தில் 68 அடித்தார். ஒரு விக்கெட் மிச்சத்தில் சென்னை வென்றது. நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தோம். அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

"பணம் இல்லன்னா மல்லாட்டை புடுங்க வா" என்றானாம் ஜெயித்தவன். தம்பியின் தாத்தா அதே கொல்லையில் படியாளாக இருந்தவர். கொத்தடிமை முறையை 1976லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். விஷயம் தெரிந்ததும் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டுக் கடனை அடைத்தோம். அதற்குள் அவன் நான்கு நாள் போய்ப் பிடுங்கியிருந்தான். அந்தக் கூலியை யாரும் கணக்கில் கழிக்கவில்லை.