தாது வருஷத்து ஒரு ராத்தல்

ஆனி 20

பஸ் நிலையத்துக்கு அருகே செல்போன் கடை வைத்திருக்கும் என் தங்கை மகன் இன்று மாலை வீட்டுக்கு வந்து, ஆவணியில் நிச்சயதார்த்தம் நடக்கவிருப்பதால் 92 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு இறங்கியே தீருவதென்று தான் செய்துகொண்டிருக்கும் சங்கற்பத்தை வெகு நேரம் விஸ்தரித்துச் சொன்னான். காலையில் இரண்டு சப்பாத்தியும் வெள்ளரிக்காயும், மத்தியானம் மூன்று முட்டையின் வெள்ளைக்கருவும் ஒரு கிண்ணம் வெந்த காயும், மாலையில் ஒரு கொய்யா, இரவில் ஒரு தோசையும் மோரும் என்பது அவனுடைய நித்திய ஆகாரம். மனத்துக்குள் கூட்டிப் பார்த்தேன். 700 கலோரியை எட்டாது. அவன் தாய் கிண்டி வைக்கும் களியையும் கொள்ளுக் கடைசலையும் அவன் தொடுவதே இல்லையாம்.

“ஒரே வாரத்துல மூணு கிலோ போச்சு மாமா” என்றான், பரீட்சையில் தேறிய பிள்ளையைப் போல.

போனதில் பெரும்பகுதி தண்ணீர் என்று சொன்னேன். கல்லீரலிலும் தசைகளிலும் அவசரத் தேவைக்கென்று தேகம் கொஞ்சம் சர்க்கரைப் பொருளைச் சேமித்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகாரம் குறைந்ததும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு. அதனோடு நீரும் வெளியேறுகிறது. கொழுப்பு அத்தனை துரிதமாகக் கரையும் வஸ்து அன்று. ஒரு கிலோ கொழுப்பில் 7,700 கலோரிக்குச் சமீபமான சக்தி அடங்கியிருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டான், நம்பியதாகத் தெரியவில்லை.

ஆனி 28

மருமகனின் ஆகாரக் கணக்கு மனத்தை விட்டு அகலாததால், சரித்திர ஆசிரியனாக இருந்த காலத்தில் எழுதி வைத்த குறிப்பேடுகளை இன்று பரணிலிருந்து இறக்கினேன். வில்லியம் டிக்பி என்ற பத்திரிகாசிரியர் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பற்றி 1878-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்ட நூலிலிருந்து நான் எடுத்த குறிப்புகள் அவற்றில் இருந்தன. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவர்கள் சொல்லும் அந்த 1876-78 காலத்தில் எங்கள் பென்னாகரம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது; தருமபுரி தனி மாவட்டமானது 1965-ல்தான். 1871-ம் வருஷக் கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேலிருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, பத்தாண்டு கழித்து எண்ணியபோது சுமார் 16 லட்சமாக இருந்தது.

1877 தொடக்கத்தில் இந்திய சர்க்காரின் பிரதிநிதியாகச் சென்னை ராஜதானிக்கு வந்த ஸர் ரிச்சர்ட் டெம்பிள், சில ஆண்டுகளுக்கு முன் பீகார்ப் பஞ்சத்தில் தானியத்தை வாரி இறைத்தாரென்று மேலிடத்துக் கண்டனத்துக்கு ஆளானவராதலின், அந்த அபவாதத்தை இம்முறை துடைத்துக்கொள்ள விரும்பியவரைப் போல, நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமக்கும் ஓர் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியத்தின் விலையும் சிறிது சில்லறையுமே போதுமான கூலியென்று விதித்தார். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதை ஒப்பவில்லை. வேலை செய்கிறவனுக்கு ஒன்றரை ராத்தல் தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். முடிவில் சென்னை சர்க்கார் ஒன்றேகால் ராத்தல் தானியமும் கொஞ்சம் பருப்புமென இருவருக்கும் நடுவே ஓர் அளவுக்கு வந்து சேர்ந்தது. டெம்பிள் கெட்ட எண்ணக்காரர் என்று நான் கருதவில்லை; மனித தேகத்தைச் செலவுக் கணக்கின் ஒரு பத்தியாகப் பார்த்துப் பழகியவர், அவ்வளவே.

ஒரு ராத்தல் ஏறக்குறைய 454 கிராம். கேழ்வரகானால் 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி, அரிசியானால் சுமார் 350. ஆக, டெம்பிள் துரையின் ராத்தல் 1,450-க்கும் 1,600-க்கும் இடையில் நிற்கிறது. உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கே 2,110 கலோரி வேண்டுமென்பது 2020-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வகுத்திருக்கும் கணக்கு. என் மருமகனோ டெம்பிள் அளந்த ராத்தலில் பாதியைக்கூடத் தனக்கு அளந்துகொள்ளவில்லை.

பஞ்சத்துக் கூலியாளுக்குக் கரைப்பதற்குக் கொழுப்பு இருந்ததில்லை, இவனுக்கு இடுப்பைச் சுற்றி வேண்டிய மட்டும் இருக்கிறது என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அது நியாயந்தான், இவன் உயிருக்கு அப்படியொரு அபாயம் இல்லை. ஆயினும் ஆகாரம் குறைவது மழை பொய்த்ததாலா, மணப்பெண் வீட்டார் பார்க்க வருவதாலா என்ற காரணத்தைத் தேகம் விசாரிப்பதில்லை. வரவு சுருங்கிய குடும்பம் முதலில் விளக்கெண்ணெயில் கை வைப்பதைப் போல, அது முதலில் உஷ்ணத்தைக் குறைக்கிறது. பிறகு கேசம், தசை, உற்சாகம் என்று ஒவ்வொன்றாகச் செலவை நிறுத்திக்கொண்டே போகிறது.

ஆடி 5

காற்று பலமாக வீசுகிறது. கடையில் மருமகன் ஸ்வெட்டர் அணிந்து உட்கார்ந்திருந்தான். அருகில் சிப்பந்திப் பையனுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரைவிட என் கவனத்தைக் கவர்ந்தது மருமகன் கையிலிருந்த செல்போன். ஆம்பூர் பிரியாணிக்கு எப்படித் தம் போடுவது என்று ஒருவர் அதில் விளக்கிக்கொண்டிருக்க, இவன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். இரவு ஒரு மணி வரை இதே வேலை என்று தங்கை பிறகு சொன்னாள். ஜன்மத்தில் அடுப்பு மூட்டியறியாதவன்.

அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையின் கால்பந்து மைதானத்து இருக்கைகளுக்கு அடியில் இருந்த ஆராய்ச்சிசாலையில், யுத்தம் முடியும் தறுவாயில், ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி நடத்திய பரிசோதனை நினைவுக்கு வந்தது. ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடங்கொடாத 36 இளைஞர்கள், பட்டினியால் மெலிந்த ஐரோப்பிய ஜனங்களை மீட்பதெப்படி என்று அறிவதற்காகத் தம் தேகத்தையே கொடுக்க முன்வந்தார்கள். 1945-ல் 24 வாரங்களுக்கு அவர்களுக்குக் கிடைத்தது நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி; டெம்பிளின் ராத்தலோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் அளவு. எடையில் கால்பங்கு போயிற்று. ஓய்வாக இருக்கையில் தேகம் செலவிடும் சக்தி சுமார் 40 சதவீதம் தாழ்ந்தது. நடுக்கோடையில் கம்பளி கேட்டார்கள், முடி உதிர்ந்தது, கால்கள் வீங்கின, இருதயத் துடிப்பு மந்தமாயிற்று, நண்பர்கள் தம்முள் எரிந்து விழுந்தார்கள். சமையற் புஸ்தகங்களைச் சேகரித்து இரவெல்லாம் வாசித்தவர்களும் அவர்களில் உண்டு. 1950-ல் கீஸ் வெளியிட்ட இரண்டு பெருந்தொகுதிகளில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன.

பரிசோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோதும் அவர்களுக்கு வயிறு நிறைந்த உணர்வு உண்டாகவில்லை. திரும்பி வந்த எடை பழைய அளவையும் கடந்தது. கடந்ததில் பெரும்பகுதி கொழுப்பு. பட்டினிக் கிரமத்தால் இளைப்பவர் பலர் முன்னிலும் பருமனாவது ஏன் என்பதற்குரிய விடையில் ஒரு பாதி இங்கே இருக்கிறது. மறுபாதியை 2016-ல் கெவின் ஹால் என்பவரும் சகாக்களும் கண்டார்கள். தொலைக்காட்சிப் போட்டிக்காக அதிவேகமாக இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து அளந்தபோது, இழந்த எடையில் பெரும்பங்கு மீண்டிருந்தும், அவர்களுடைய தேகம் எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது.

ஆடி 11

காலையில் கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவன் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டர் ரத்தம் பரிசோதித்து, பயமில்லை என்றார். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பையில் கல் உண்டாகும் வாய்ப்பு அதிகமென்றும், நாளைக்கு 800 கலோரிக்குக் கீழான ஆகாரம் வைத்தியர் கண்காணிப்பின்றி எவரும் மேற்கொள்ளத் தக்கதன்று என்றும், முடி இப்போதைக்கு உதிராவிட்டாலும் இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரலாமென்றும் நிதானமாக எடுத்துரைத்தார். எல்லாவற்றையும் அசையாமல் கேட்டிருந்தவன் முடியைப் பற்றிச் சொன்னபோதுதான் நிமிர்ந்தான்.

ஆடி 18

பெருக்குக்கு ஒகேனக்கல் போயிருந்தோம். வழியெங்கும் ஜனம். பொரித்த மீன் வாங்கித் தின்றான், ஒன்றோடு நிறுத்தவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி 27

டாக்டர் எழுதிக் கொடுத்தபடி இப்போது நாளொன்றுக்கு 1,700 கலோரிக்குக் குறையாமல் உண்கிறான்: மத்தியானம் அளவான ஓர் உருண்டைக் களியும் கொள்ளுக் கடைசலும், இரண்டு வேளைக்கு முழு முட்டை, அவரை, கீரை. தசை கரையாமலிருக்கப் பருப்பும் முட்டையும் எடையேற்றும் பயிற்சியும் வேண்டும் என்பது அவருடைய கட்டளை. ஆனால் இன்று எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது. “எல்லாம் வீணாப் போச்சு மாமா” என்று என்மீதே சினந்தான். ஆனியில் வெளியேறிய அதே தண்ணீர்தான் திரும்பியிருக்கிறது என்றேன். அப்போதும் நம்பாதவன் இப்போது மட்டும் நம்புவானா? வீட்டு எடைமெஷின் பழுது என்று தீர்மானித்து, மளிகைக் கடைத் தராசில் ஏறி நின்று பார்க்கப் போனான்.

இனி வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் இறங்கினாலும் நிச்சயதார்த்தத்துக்குள் 75-ஐத் தொட இயலாது. அந்த அளவுக்கென்று முன்கூட்டியே தைக்கக் கொடுத்திருந்த சட்டையைப் பற்றித் தங்கை கவலைப்பட்டாள். விசாரித்தேன், பக்கத் தையலில் இரண்டு அங்குலம் விட்டே வைத்திருப்பதாகவும், மாப்பிள்ளைகளுக்கு எப்போதும் அப்படித்தான் தைப்பதாகவும் தையற்காரர் சொன்னார்.