தெரியாது என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் பறவையைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். சுட்டுத் தின்பதென்றால் அது காரணம். செம்பகம் எந்தப் பக்கத்தால் குறுக்கே போகிறது என்று சகுனம் பார்த்தாலும் காரணம்தான். கொக்கு இறங்கும் இடத்தை வைத்து மீனின் நடமாட்டத்தை அறிகிற தொழிலாளரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. இதில் எதுவுமில்லாமல், வளர்ந்த ஆள் ஒருவர் விடியப்புறம் வல்லைவெளியில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியையே பார்த்துக்கொண்டு நின்றால், "உவருக்கென்ன விசரோ?" என்பார்கள். ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருளில் பறவையை வைத்த மொழிக்காரர்தான் நாங்கள்.

அந்தப் பேச்சுக்கு ஒடுங்கிப்போனவன் நான். இளவயதிலிருந்தே பறவை பார்க்கிறேன். வாழ்நாளில் பெரும்பகுதி அதை மறைத்தே வைத்திருந்தேன். பைனாகுலரைத் துவாயில் சுற்றிப் பன்பைக்குள் வைப்பேன். 1955இல் ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் நூலுக்குப் பாடப்புத்தகம்போல மண்ணிறக் கடதாசியில் உறை போட்டிருந்தேன். எங்கே போகிறாய் என்றால் தோட்டத்துக்கு, மீன் வாங்க, ஒருவரைச் சந்திக்க. பொய் சொல்வதற்கு எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

யுத்தத்தைச் சொல்லித் தப்பலாம். 90களில் யாழ்ப்பாணத்தில் பைனாகுலரோடு நீரோரத்தில் நிற்பவனை எந்தத் தரப்பும் உளவாளி என்றுதான் நினைக்கும். அந்தப் பயம் உண்மை. ஆனால் யுத்தம் தொடங்குவதற்கு முன்பும் மறைத்தேன். 2009க்குப் பிறகும் மறைத்தேன். காவலரண் இல்லாத ஒழுங்கையிலும், வாசிகசாலை வாசலில் நாலுபேர் இருந்தால் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனேன். அது பயமல்ல, வெட்கம்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நாங்களும் நடந்தோம். அங்கே இருந்த மாதங்களில், விறகு பொறுக்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சரசாலைப் பக்கம் போய் நிற்பேன். அவள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்பாள். நான் சின்னக் கட்டு விறகோடு திரும்புவேன். அந்த நேரமும் இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துப்போகும் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். விளங்கிக்கொண்டிருப்பாள். நான் சொல்லவில்லை.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது ஒரு பெடியனுடைய கொப்பி.

நான் விலங்கியல் படிப்பித்தேன். அப்போது உயர்தரத்துக்கு நாலு பாடம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் கண்முன்னால் நின்றது மருத்துவபீடம் ஒன்றுதான். வடமராட்சிக் கரையோரத்துப் பெடியன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் சீ.ஆர். கொப்பியொன்றைக் கொண்டு வந்தான். பக்கம் பக்கமாகப் பறவைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் திகதி, இடம், காற்று எந்தத் திசையால் வீசியது என்பதுகூட. ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினான். கறுத்த உச்சி, வெள்ளை உடம்பு, தடித்த சிவப்புச் சொண்டு.

"சேர், எல்லாரும் இதைக் கடற்காகம் எண்டினம். ஆனா இது தலைகீழாத் தண்ணிக்குள்ள விழுந்து மீன் பிடிக்குது. கடற்காகம் அப்பிடி விழுறேல்லையே?"

எவ்வளவு சரியான கேள்வி. ஆலாவையும் கடற்காகத்தையும் பிரித்தறிய அவன் தானாகக் கண்டுபிடித்த வழி அது. அவனிடம் புத்தகமும் இல்லை, பைனாகுலரும் இல்லை. அதே பறவையை அந்தக் கிழமைதான் நானும் பார்த்திருந்தேன். சுற்றிவர மற்றப் பிள்ளைகள் நின்றார்கள். எனக்கும் இந்த விசர் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற ஒரே எண்ணம்தான் வந்தது.

"எனக்குத் தெரியாது. உது சோதினைக்கு வராது. முதல் நாலு ஏ எடு, பிறகு காகம் எண்ணலாம்" என்றேன். வகுப்புச் சிரித்தது. கொப்பியை மூடி எடுத்துக்கொண்டு போனான். பிறகு அதை நான் காணவேயில்லை. ஊரார் எனக்குச் சொல்லிவிடுவார்களோ என்று நான் அஞ்சிய சொல்லை, ஒரு பிள்ளைக்கு நானே சொன்னேன்.

மறைப்பதற்கு இன்னொரு வழி, ஒன்றையும் எழுதாமல் விடுவது. அப்படித்தான் விட்டேன். 1943இல் தொடங்கிய இலங்கைப் பறவைக் கழகமும் 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழுவும் தெற்கில் இயங்கின; யுத்த ஆண்டுகளில் அவர்கள் நினைத்தபோது இங்கே வந்து எண்ண வழியிருக்கவில்லை. பாக்குநீரிணைக்கு அக்கரையில், ஏறத்தாழ 60 கிலோமீற்றருக்கு அப்பால், கோடியக்கரை 1967இல் சரணாலயமானது. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டுப் பதிந்து வருகிறார்கள். இக்கரையில் ஒவ்வொரு மாரிக்கும் ஊசிவால் வாத்தும் பூநாரையும் வருவதைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன். எந்த ஆண்டு கூட வந்தன, எந்த ஆண்டு வெளித்துக் கிடந்தது, ஷெல் விழுந்த காலத்தில் எங்கே ஒதுங்கின? திகதியோடு ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியரிடம் கைதியாக இருந்த ஜோன் பக்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், முட்கம்பி வேலிக்குள் நின்றபடியே ஒரு சின்னக் குருவியினத்தின் வாழ்க்கையைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். சக கைதிகளும் முறைவைத்துப் பார்த்து உதவினார்கள். 1950இல் அது புத்தகமாக வந்தது. கூட இருந்த பீற்றர் கொண்டர், ஜோர்ஜ் வாட்டர்ஸ்டன் இருவரும் பிற்காலத்தில் பிரித்தானியப் பறவைப் பாதுகாப்பில் பெரிய பெயரெடுத்தவர்கள். இதை வாசித்த பிறகு யுத்தத்தைச் சாட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்ஸ்டன் தான் செய்வதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. 1938இல் சரணாலயமான சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாகியது. மண்டைதீவிலும் அராலியிலும் பெரிய கமராக்களோடு பெடியள், பெட்டையள் நிற்கிறார்கள். தாய்மார் கேலி செய்வதில்லை, முகநூலில் படத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள். எனக்குச் சந்தோசம். நீரோரத்தில் மண் கொட்டி நிரப்புகிற இடங்களில் இந்தப் பிள்ளைகள் போய் வாதாடுகிறார்கள். "முந்தி எவ்வளவு வந்தது?" என்ற கேள்வி வரும்போது அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து, நினைவில் இருப்பதையாவது ஆண்டுவாரியாக எழுதித் தரக் கேட்டார். பேனையை எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு எழுதியதும் நிறுத்தினேன். வந்த எண்களெல்லாம் என் ஆசை சொன்னவை. தாளைக் கிழித்துவிட்டு, என்னிடம் கணக்கு இல்லை, எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். வேறொருவரிடம் இதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அந்தப் பெடியன் இப்போது எங்கே என்று அறியேன். தம்பி, அது காஸ்பியன் ஆலா. கடற்காகமல்ல என்று நீ நினைத்தது சரி. எனக்கு அண்டைக்கே தெரியும்.