பன்றிக் காவலுக்குப் போன ராத்திரி

சில வாரங்களுக்கு முன் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. "மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி அழிக்கிறது. சுட்டுத் தள்ள யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?" என்று ஒரு விவசாயி கேட்டிருந்தார். சட்டத்தை மட்டும் சொல்வதென்றால் நாலு வரியில் முடிந்துவிடும். ஆனால் போன மார்கழியில் திருச்சுழிப் பக்கம் நானே ஒரு ராத்திரி பன்றிக் காவலுக்குப் போய் உட்கார்ந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

என்னோடு வேளாண் கல்லூரியில் படித்த நண்பர் ஒருவருக்குத் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் நடுவே பூர்வீக நிலம். நான் அந்த வட்டாரத்தில் முன்பு வேலை பார்த்தவன். "மச்சான், கதிர் பால் பிடிச்சிருச்சு. பன்னி இறங்குது. ரெண்டு நாள் வந்து உட்காரு, வேட்டைக்குப் போன மாதிரி இருக்கும்" என்று போன் பண்ணினார். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் நண்பர் ஒருவரும் கிளம்ப, மூன்று பேராகக் கூடினோம்.

அருப்புக்கோட்டையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கரிசல். மானாவாரிப் பருத்தி, மல்லி, மக்காச்சோளம், நடுநடுவே தரிசு. தரிசு எல்லாம் சீமைக்கருவேலம். அங்கங்கே கரிமூட்டப் புகை. திருச்சுழியில் பூமிநாதர் கோயிலுக்கும் ரமண மகரிஷி பிறந்த வீட்டைப் பார்க்கவும் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கும். நாங்கள் டீ குடித்துவிட்டு, மணலும் கருவேலமுமாகக் கிடந்த குண்டாற்றைப் பார்த்தபடி கிழக்கே போனோம்.

காடே இல்லாத ஊரில் காட்டுப்பன்றி

சாயங்காலம் நண்பரின் வயலைச் சுற்றி வந்தோம். நாலு ஏக்கர் மக்காச்சோளம். கண்மாய்ப் பக்கத்து ஓரத்தில் பத்து சென்ட் அளவுக்குத் தட்டை மொத்தமும் சாய்ந்து கிடந்தது. பன்றி ஒரு கதிரைத் தின்ன நாலு தட்டையை மிதித்துச் சாய்க்கும். தின்றதைவிட மிதித்ததுதான் அதிகம்.

அந்தக் கண்மாயில் மரம் வெட்டிக் கரிமூட்டம் போடும் பெரியவர் ஒருவர் எங்களோடு வந்தார். புழுதியில் பதிந்த குளம்புத் தடத்தைக் காட்டி, "இது தாய்ப்பன்னி, கூட ஆறு குட்டி. அந்தா தனியாப் போகுது பாருங்க, அது ஆம்பளைப் பன்னி" என்றார். கண்மாய்க்குள் கூட்டிப்போய் ஒரு சேற்றுக்குழியையும் காட்டினார். பக்கத்து மரத்தில் முழங்கால் உயரத்துக்குச் சேறு அப்பியிருந்தது. பன்றிக்கு நம்மைப் போல வியர்க்காது. வெயிலுக்குச் சேற்றில் புரண்டுதான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும்.

மேற்குத் தொடர்ச்சி மலை அங்கிருந்து வெகுதூரம். அப்படியிருக்க இத்தனை பன்றி எங்கே இருக்கிறது? பெரியவர் காட்டிய இடத்திலேயே பதில் இருந்தது. கருவேலம் பகலில் நிழல் தருகிறது, மறைவு தருகிறது. அதன் காய் இனிப்பு; அதுவே தீனி. கண்மாய்ப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. கரையை ஏறி இறங்கினால் மக்காச்சோளமும் கடலையும். பன்றிக்குச் சினைக்காலம் நாலு மாதம்கூட இல்லை. ஓர் ஈற்றில் நாலு, ஆறு குட்டிகள் போடும். மலையிலிருந்து இறங்கி வரும் விருந்தாளி என்று நாம் நினைக்கிறோம். அது நம் கண்மாயிலேயே பிறந்து வளர்ந்து பெருகுகிறது.

நடுச்சாமத்தில்

ராத்திரி எட்டு மணிக்குப் பரண் ஏறினோம். டார்ச், பழைய எண்ணெய் டின், ஒரு பை சிவகாசி வெடி. நண்பரின் அப்பா காலத்தில் அந்த வீட்டில் ராஜபாளையம் நாய் இருந்தது. பன்றி வேட்டைக்கென்றே வளர்த்த சாதி அது. "இன்னைக்கு அவுத்து விட்டா நாய்க்கும் கேஸு, எனக்கும் கேஸு" என்று சிரித்தார். அது உண்மைதான். துப்பாக்கி மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், அவுட்டுக்காய் வைப்பதும், நாயை விட்டுப் பிடிப்பதும் சட்டப்படி வேட்டைதான்.

மார்கழிப் பனி போர்வைக்குள் இறங்கியது. ஆசிரியர் பழைய கதைகள் சொல்லிக்கொண்டே வந்தவர் தூங்கிப்போனார். ஒரு மணி வாக்கில் பெரியவர் என் தொடையைத் தட்டினார். தட்டை முறியும் சத்தம், சடசடவென்று. பன்றிக்குக் கண் மட்டம். மூக்கும் காதும் கூர்மை. டார்ச்சை அடித்து, டின்னைத் தட்டி, வெடியைக் கொளுத்திப் போட்டோம். ஏழெட்டு உருவங்கள் வரப்பைத் தாண்டிப் பக்கத்துப் புஞ்சைக்குள் பாய்ந்தன.

எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. ஐம்பது வயதைக் கடந்ததை மறந்து, பரணை விட்டு இறங்கி டின்னோடு பின்னாலேயே ஓடினேன். வரப்பைத் தாண்டக் காலை எடுத்தபோது பெரியவர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"நில்லுங்க சார். கம்பி."

டார்ச்சைத் தாழ்த்தி அடித்தேன். முழங்காலுக்குக் கீழே, குச்சிக்குக் குச்சி இழுத்துக் கட்டிய கட்டுக்கம்பி. மோட்டார் ரூம் பக்கமாகப் போனது. அன்றைக்கு மின்சாரம் விட்டிருந்தார்களா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. தொட்டுப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை. பரணுக்குத் திரும்பிய பிறகும் கை நடுக்கம் நிற்க நேரமானது.

காலையில்

விடிந்ததும் அந்தப் புஞ்சைக்காரர் வீட்டுக்குப் போனோம். என்னைவிடப் பத்து வயது இளையவர். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பன்னிக்குத்தான் சார் வச்சேன். மூணு வருசமா விதைக் காசுகூடத் திரும்பல" என்றார். நண்பர் அமைதியாகச் சொன்னார்: "தம்பி, காலையில தண்ணி பாய்ச்ச உன் பொண்டாட்டிதான அந்த வழியா வருது?" அவர் பேசவில்லை. எழுந்து போய்க் கம்பியைச் சுருட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் போட்டார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நாங்கள் ராத்திரி என்ன செய்தோம்? எங்கள் வயலிலிருந்து பன்றியை அவர் வயலுக்கு விரட்டினோம். அவர் விழித்திருந்தால் அடுத்தவர் வயலுக்கு விரட்டியிருப்பார். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் காவல் காத்தால், பன்றி ஒரு புஞ்சையை விட்டு இன்னொரு புஞ்சைக்குப் போகும், அவ்வளவுதான்.

அன்று காலை நாலு பட்டாக்காரர்களும் கரிமூட்டப் பெரியவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததை எழுதுகிறேன்.

ஒன்று, வரும் புரட்டாசி மழைக்கு நாலு பேரும் ஒரே வாரத்தில் விதைப்பது. முன்னும் பின்னுமாகக் கதிர் பிடித்தால் பன்றிக்கு இரண்டு மாதம் விருந்து. ஒரே சமயத்தில் பிடித்தால் காவல் நாள் குறையும், முறை வைத்தும் காக்கலாம்.

இரண்டு, கண்மாய் ஓரத்தில் நாலு வரிசை ஆமணக்கு. பன்றி அதைத் தின்னாது. உள்ளே இருக்கும் பயிரின் வாசனையும் எளிதில் எட்டாது. மக்காச்சோளத்துக்கு இந்த ஆமணக்கு வேலியை ஐதராபாத் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். முத்து விற்றுக் கொஞ்சம் காசும் பார்க்கலாம்.

மூன்று, வயலை ஒட்டிய கருவேலத்தை முதலில் வெட்டும்படி ஊராட்சியிலும் கண்மாய்க்குப் பொறுப்பான துறையிலும் மனு. மறைவு தள்ளிப்போனால் பன்றி வெட்டவெளியைத் தாண்டி வர யோசிக்கும். பெரியவருக்கு மூட்டத்துக்கு விறகு கிடைக்கும்.

நான்கு, வசதி இருந்தால் சூரிய மின்வேலி. அதில் விட்டுவிட்டு ஒரு நொடிக்கும் குறைவாகத்தான் அதிர்ச்சி வரும், உயிரை எடுக்காது. மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் கேளுங்கள். வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் மின்சாரத்தையோ கம்பியில் விடுவது மின்திருட்டு. யாராவது இறந்தால் அது மரண வழக்கு.

கடிதத்துக்குப் பதில்

இனி கேள்விக்கு வருகிறேன். எலி பிடிக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். காட்டுப்பன்றி, 1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. விவசாயி தானாகச் சுட முடியாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம். உங்கள் ஊர் எந்த எல்லையில் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சி மூலமாக எழுத்தில் மனு கொடுங்கள். ஒருவர் கொடுப்பதைவிடப் பாதிக்கப்பட்ட எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நல்லது.

சேதத்தை மிதித்துச் சரிசெய்வதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். வனத்துறை இழப்பீட்டுக்கு அது வேண்டும். வனவிலங்கு சேதத்தைப் பயிர்க் காப்பீட்டில் 2026 காரிப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதமான 72 மணி நேரத்துக்குள் படத்தோடு செயலியில் பதிய வேண்டும். உங்கள் மாவட்டமும் பயிரும் அதில் வருகிறதா என்பதைப் பிரீமியம் கட்டும்போதே வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது புஞ்சைக்காரத் தம்பி பஸ் நிறுத்தம் வரை வந்தார். "ஆமணக்கு விதை எங்க சார் வாங்கலாம்?" என்று கேட்டார். திருச்சுழி வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்கச் சொன்னேன். இந்தப் புரட்டாசிக்கு மழை பெய்தால் மறுபடியும் போவதாக இருக்கிறேன். அவர் வரப்பில் பகலில் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும்.