மேல லயத்துப் பீலி

ஜூன் 8, ஞாயிறு

டிக்கோயாவில் விடாத மழை. காசல்ரீ பக்கமிருந்து ஏறிய மூட்டம் கோயில் மண்டபத்துக்குள்ளேயே வந்துவிட்டது. சிறுவர் கழகத்துப் பிள்ளைகள் உரப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தார்கள். தோட்டத்தில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டோம். பாதை, லயத்துக் கூரை, குளவி என்று அடுக்கினார்கள். தரம் 6 படிக்கும் ஒரு பிள்ளை, "மேல லயத்துல அடிக்கடி எல்லாருக்கும் வயித்தால போகுதுக்கா. பீலித் தண்ணிதான்னு அம்மாயி சொல்றாங்க" என்றாள். மற்றப் பேச்சு அத்தோடு நின்றது.

கொழும்பிலிருந்து எங்களோடு வந்திருந்த ஒருவர், வீட்டுக்கொரு வடிகட்டி வாங்கித் தருவோம் என்றார். நல்ல மனசு. ஆனாலும் நான் வேண்டாமென்றேன். 200 வருஷமாக நம் சனத்துக்காகக் கங்காணி பேசினார், துரை பேசினார், தலைவர் பேசினார். இந்தப் பிள்ளைகளாவது தங்கள் தண்ணீரைப் பற்றித் தாங்களே பேசட்டும்.

ஜூன் 14, சனி

பிள்ளைகள் முன்னே ஏற, நாங்கள் அட்டையைத் தட்டிக்கொண்டு பின்னால் போனோம். பீலிக்குத் தண்ணீர் வரும் ஊற்றுக்கு மேலே மாட்டுப்பட்டி. அதற்குப் பக்கத்தில் பழைய மலசலகூடக் குழி. குழிக்கும் ஊற்றுக்கும் 30 மீற்றராவது இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்தார்கள். பாதிகூட வரவில்லை. சரிவோ ஊற்றைப் பார்த்தே இறங்குகிறது. எல்லாவற்றையும் ஒரு பையன் கொப்பியில் படமாகப் போட்டான். மழைத்தண்ணீர் ஓடும் பக்கத்துக்கு அம்புக்குறியும் இட்டான். அதை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு போத்தல் சோதனை. 1982-இல் குவாலியர் விஞ்ஞானிகள் வெளியிட்ட எளிய முறை இது. மருந்து தோய்த்த தாள் உள்ள போத்தலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், மலக்கிருமி கலந்திருக்கும் தண்ணீர் கறுத்துப்போகும். சூடு வேண்டும், டிக்கோயாக் குளிரில் சும்மா வைத்தால் சரிவராது. ஊற்று, லயத்துக் குழாய், கொதித்தாறிய தண்ணீர் என மூன்றையும் அந்தத் தரம் 6 பிள்ளையின் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்தோம்.

ஜூன் 16, திங்கள்

இரண்டு போத்தல் கறுப்பு. கொதித்த தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மாமார் கூடையை இறக்காமலே நின்று பார்த்தார்கள். அந்தப் பிள்ளைதான் விளக்கினாள், நாங்கள் வாய் திறக்கவில்லை.

ஜூன் 21, சனி

தண்ணீரைப் பற்றிக் கடிதம் எழுதுவதென்றால் யாருக்கு? பிள்ளைகள் கேட்ட மிகச் சரியான கேள்வி இது. நகரத்தில் இருப்பவருக்கு இந்தக் குழப்பமே வராது. 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33-ஆம் பிரிவு தோட்டங்களுக்குக் குறுக்கே நின்றது. நிர்வாகம் இணங்காமல் சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாத நிலை. 2018-இல்தான் திருத்தினார்கள். ஆகவே நிர்வாகத்துக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பி.எச்.ஐ.) பிரதி.

ஒரு தகப்பனார், "புள்ளைங்க பேரப் போட்டா நாளைக்கு எங்களுக்கு வேலையில கஷ்டம் வரும்" என்றார். அந்தப் பயம் நியாயமானது. சிறுவர் உரிமைச் சாசனத்தை இலங்கை 1991-லேயே ஏற்றது. பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது அதன் 12-ஆம் உறுப்புரை. கேட்கச் சொன்னதால் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு நாம் ஒதுங்கலாம் என்றாகாது. கழகத்தின் பெயரில் கடிதம், கீழே பெற்றோர் கையெழுத்து என்று முடிவானது. மாட்டுக்காரத் தாத்தாவைக் குறை சொல்லக்கூடாது என்று பிள்ளைகள் ஒரு வரியை வெட்டினார்கள். பட்டியைத் தாமே மாற்றுவதாக அவர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்.

ஜூன் 28, சனி

ஊற்றைச் சுற்றிக் கட்ட சிமெந்து தருவதாக நிர்வாகம் சொல்லியிருக்கிறது. குழியைப் பற்றிப் பேச்சில்லை. எல்லாம் சரியாகும்வரை கொதிக்கவைத்துக் குடிக்கலாம் என்றால், இந்த மழையில் விறகெல்லாம் ஈரம். காய்ந்த விறகு இருக்கும் வீடுகளில் முறைவைத்துக் காய்ச்சுவது என்று பெண்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பிள்ளைகள் இரண்டாவது கடிதத்தில் முனைந்திருக்கிறார்கள். குழியைப் பற்றி மட்டுமே கேட்டு எழுதுகிறார்கள், அம்புக்குறி போட்ட படத்தையும் இணைத்து.