ஏழு நகல், ஓர் ஊர்

போபாலின் நச்சுக் கழிவு முறையான காகிதங்களோடுதான் பீதம்பூருக்குப் போய்ச் சேர்ந்தது. ஊரைக் கேட்பதற்கு மட்டும் அந்தக் காகிதங்களில் இடமில்லை.

2025 ஜனவரி 1, இரவு ஒன்பது மணி. ஊர் புத்தாண்டுக் களைப்பில் இருந்த நேரத்தில் போபாலின் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து 12 கண்டெய்னர் லாரிகள் கிளம்பின. போலீஸ் வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் சேர்ந்து நாற்பது வண்டிகள் கொண்ட ஊர்வலம். வழியெங்கும் மற்றப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. லாரிகளில் இருந்தது 337 டன் கழிவு: செவின் பூச்சிமருந்தின் மிச்சம், நாஃப்தால் எச்சம், உலைகளில் தங்கிய கசடு, இவற்றில் ஊறிய மண். அதை மூட்டை கட்டி ஏற்ற நூறு பேர் வரை, அரைமணி நேரத்துக்கு ஒரு குழுவாக மாறி மாறி, கவச உடையில் வேலை செய்திருந்தார்கள்.

சீஹோர், தேவாஸ், இந்தூரை ஒட்டிய சாலை, பிறகு தார் மாவட்டம் என்று சுமார் 250 கிலோமீட்டர். மாளவத்தின் கரிசல் மண்ணில் ஜனவரியில் கோதுமை பச்சையாக நிற்கும். அந்த இருட்டில் அதைப் பார்க்க யாரும் இல்லை. விடியற்காலை நான்கரை மணிக்குள் லாரிகள் பீதம்பூர் கழிவு நிலையத்தின் கேட்டுக்குள் நுழைந்துவிட்டன. வழியில் ஒரு துளி சிந்தவில்லை. நாற்பது ஆண்டுகளாக யாராலும் நகர்த்த முடியாத சரக்கு ஒரே இரவில் நகர்ந்தது. அதிகாரிகள் பெருமைப்பட்டதில் நியாயம் உண்டு.

இப்படிப்பட்ட சரக்கு காகிதம் இல்லாமல் நகராது. இந்தியாவில் அபாயகரமான கழிவுகளுக்கென்று தனி விதிகள் வந்ததே போபாலுக்குப் பிறகுதான். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு நடந்ததை அடுத்து 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1989இல் முதல் கழிவு விதிகள் வந்தன. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கழிவை ஓர் ஆலை தன் இடத்தில் 90 நாட்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. (விதிகளுக்குக் காரணமான ஆலையின் கழிவு நாற்பது ஆண்டு அங்கேயே கிடந்தது வேறு கதை.) அனுப்புவதற்கு, ஏற்றிச் செல்வதற்கு, வாங்கி எரிப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். லாரி டிரைவருக்கு ஆபத்தான சரக்கைக் கையாளும் மூன்று நாள் பயிற்சி வேண்டும். பளிச்சென்ற மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்தில், இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எச்சரிக்கை ஒட்ட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சரக்குச் சீட்டு. அதற்கு ஏழு நகல், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளை, அனுப்புகிறவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தருவது. மஞ்சள் அவரிடமே இருக்கும். மற்ற ஐந்தும் லாரியில் ஏறும். போய்ச் சேர்ந்ததும் இளஞ்சிவப்பு நகலை வாங்குகிறவர் வைத்துக்கொள்வார், ஆரஞ்சு லாரிக்காரருக்கு, பச்சை மறுபடியும் வாரியத்துக்கு, நீலம் அனுப்பியவருக்கு. கழிவு மாநில எல்லையைத் தாண்டி வந்திருந்தால் சாம்பல் நிற நகல் அந்த மாநிலத்து வாரியத்துக்குப் போகும். நல்ல ஏற்பாடு. நடுவழியில் ஓடையில் கொட்டிவிட்டுக் கணக்கை மூடிவிட முடியாது.

இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில், போபால் லாரிகள் கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்னால், கேரளத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பக்கம் கொட்டப்பட்டுக் கிடந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்த பிறகு கேரளம் லாரிகளை அனுப்பி அள்ளிக்கொண்டு போனது. அது முறைகேடாக வந்த கழிவு. திருப்பி அனுப்ப முடிந்தது. பீதம்பூருக்கு வந்தது முறைப்படி வந்த கழிவு. அதுதான் பீதம்பூரின் சிக்கல்.

ஏனென்றால் அந்த ஏழு நகல்களில் ஒன்றுகூட நகராட்சிக்கோ பஞ்சாயத்துக்கோ கிடையாது. தெருவில் தள்ளுவண்டி போட்டுப் போஹா விற்கிறவருக்குக்கூட 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர விற்பனைக் குழுவின் சான்றிதழ் வேண்டும். நச்சுக் கழிவு லாரி விஷயத்தில் உள்ளாட்சி பார்வையாளர்தான். கழிவு நிலையம் புதிதாக அமையும்போது மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் என்று ஒன்று உண்டு. அது நிலையத்துக்கு, பின்னால் அங்கே வரும் ஒவ்வொரு சரக்குக்கும் அல்ல. போபால் சரக்கில் இன்னொரு விநோதமும் இருந்தது. 1998இலேயே ஆலை நிலம் மாநில அரசின் கைக்கு வந்துவிட்டது. கழிவை அப்புறப்படுத்தும் பொறுப்பு மாநில அரசின் விஷவாயு நிவாரணத் துறையிடம். அனுமதி தருவது மாநில அரசின் வாரியம். இடது கை எழுதிக் கொடுத்ததை வலது கை வாங்கிக்கொண்டது.

இந்தூரிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டரில் இருக்கும் பீதம்பூர், 1980களில் தொழிற்பேட்டையாக வளர்ந்த ஊர். லாரியும் டெம்போவும் இங்கே தயாரானதால் 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பட்டம் சூட்டினார்கள். வண்டிகளைச் சோதிக்க 11.3 கிலோமீட்டர் நீளத்தில் ஓர் அதிவேகத் தடம் 2021இல் திறக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டியிருந்தது. புகைக்கூண்டுகள் இங்கே யாருக்கும் புதிதல்ல. கழிவு நிலையத்தை ஒட்டி இருப்பது தாராபூர் கிராமம். போபாலின் சுண்ணாம்புக் கசடு சுமார் 40 டன் 2008இலேயே இந்த நிலையத்துக்கு வந்து மண்ணுக்குள் போனது. 2015இல் பத்து டன் கழிவு சோதனைக்காக எரிக்கப்பட்டது. முடிவுகள் வரம்புக்குள்தான் இருந்தன என்றது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நிலத்தடி நீர் கெட்டுப்போனது என்பது தாராபூர்க்காரர்களின் பழைய புகார். அதற்குப் பதில் சொல்ல எந்தச் சீட்டிலும் கட்டம் இல்லை.

பீதம்பூர் யாருடைய முதல் தேர்வும் அல்ல. முதலில் குஜராத்தின் அங்கலேஷ்வர். எதிர்ப்பு கிளம்பியதும் குஜராத் அரசு மறுத்தது. நாக்பூர் பக்கம் யோசித்தார்கள்; மகாராஷ்டிரம் மறுத்தது. 2012இல் ஜெர்மன் அரசின் நிறுவனம் ஒன்று சுமார் 25 கோடி ரூபாய்க்கு விமானத்தில் எடுத்துப்போக முன்வந்தது. ஜெர்மனியில் எதிர்ப்பு வந்ததும் அதுவும் விலகியது. கடைசியில் பீதம்பூருக்கு ஒதுக்கிய தொகை 126 கோடி. கணக்குப் போட்டால் கிலோவுக்கு 3,700 ரூபாய்க்கு மேல். குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் ஜெர்மனிக்கும் வேண்டாம் என்று சொல்ல ஓர் அரசு இருந்தது. பீதம்பூருக்கு இருந்தது ஒரு நகராட்சி.

2024 டிசம்பர் 3 அன்று, விபத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவு நாளில், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் பொறுமை இழந்தது. நான்கு வாரத்தில் ஆலையைவிட்டுக் கழிவை வெளியேற்று என்று உத்தரவு. போபாலைப் பொறுத்தவரை அது நியாயமான உத்தரவு. 2004இல் தொடுத்த வழக்கு இருபது ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்தது. லாரிகள் பீதம்பூர் சேர்ந்த மறுநாள், ஜனவரி 3, ஊர் கடையடைத்தது. ஆர்ப்பாட்டத்தில் இரண்டு பேர் தங்கள் உடம்பில் தீ வைத்துக்கொண்டார்கள். காயங்களோடு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அடுத்த நாள் நிலையத்தின் மீது கற்கள் விழுந்தன. இந்த எதிர்ப்புக்கு நடுவே முதலமைச்சர் மோகன் யாதவ் எரிப்பதை நிறுத்திவைத்தார். ஜனவரி 6 அன்று உயர் நீதிமன்றம் ஆறு வார அவகாசம் தந்தது. மக்களுக்கு விளக்கிச் சொல்ல மாநில அரசு கேட்ட அவகாசம். அதாவது, விளக்க வேண்டும் என்பது லாரி வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இந்தூர் 2017 முதல் ஆண்டுதோறும் நாட்டின் மிகத் தூய்மையான நகரம் என்ற பட்டத்தை வாங்கிவந்த ஊர். அங்கே வீட்டு வாசலுக்கு வரும் மாநகராட்சி வண்டியில் ஈரக் குப்பை, உலர் குப்பை மட்டுமல்ல, பழைய பேட்டரிக்கும் காலாவதி மருந்துக்கும்கூடத் தனிப் பெட்டி உண்டு. ஒரு பேட்டரி எங்கே போகிறது என்பதைத் தீர்மானிக்க மாநகராட்சியால் முடியும். யஷ்வந்த் சாகர் ஏரியிலிருந்து நகரத்தின் ஒரு பகுதிக்குக் குடிநீர் வருகிறது. பீதம்பூர் நச்சு அதில் கலந்தால் என்ன செய்வது என்று இந்தூர் டாக்டர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரி 27 அன்று தடை விதிக்க மறுத்துவிட்டது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பத்துப் பத்து டன்னாக மூன்று சோதனை: மணிக்கு 135 கிலோ, 180 கிலோ, 270 கிலோ. புகை வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை போனது. மே 5ஆம் தேதி மீதி 307 டன்னில் கை வைத்தார்கள். இரவும் பகலும் எரிந்து ஜூன் 30க்குள் தீர்ந்தது. போபாலில் அது நல்ல செய்தி. முழுச் செய்தி அல்ல. வெளியேறியது மேலே கிடந்த மூட்டைகள் மட்டுமே, ஆலை வளாகத்தில் புதைத்துவைத்தது அப்படியே இருக்கிறது என்று பாதிக்கப்பட்டவர்களின் அமைப்புகள் சொன்னார்கள்.

பீதம்பூரில் மிஞ்சியது சாம்பல். எரியும்போது கிளம்பும் அமில வாயுக்களை அடக்கச் சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் 337 டன் கழிவு எரிந்து எண்ணூறு டன்னுக்கு மேல் சாம்பலும் எச்சமும் ஆனது. அதைப் புதைக்கத் தேர்ந்த குழி குடியிருப்புக்கு மிக அருகில் இருக்கிறது என்ற வாதம் 2025இலேயே உயர் நீதிமன்றப் படியேறியது. உலையிலிருந்து அந்தக் குழிக்குக் கொண்டுபோவதென்றால் பொதுச் சாலையில் ஏற வேண்டியதில்லை. வளாகத்துக்குள்ளேயே நகர்வதற்கு ஊர்வலம் வேண்டாம், ஏழு நகலும் வேண்டாம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் தாராபூர்.