குடத்துக்குள் போகாத பெயர்கள்

வரலாற்றுத் துறையில் எம்.ஏ. படித்து என்னத்தைக் கண்டாய் என்று சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன்.

தேர்தல் வந்தால் உத்திரமேரூர்க் கல்வெட்டும் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். "உலகுக்கே ஜனநாயகம் கற்றுக்கொடுத்தோம்!" வகுப்பில் அதே கல்வெட்டை வரிவரியாகப் படித்தோம். முதலாம் பராந்தக சோழனின் 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. ஊரில் 30 குடும்புகள் (வார்டுகள்). ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் எடுக்க, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். அதாவது வாக்கெடுப்பு அல்ல, குலுக்கல். குடத்துக்குள் பெயர் போக, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை.

அந்தக் கடைசி விதியை இன்றைக்கும் கும்பிடலாம். ஆனால் பேராசிரியர் கேட்டது வேறு: "யார் பெயர் குடத்துக்குள் போகவே முடியாது?" உத்திரமேரூர் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேய ஊர், அதன் சபை பிராமண நிலவுடைமையாளர்களுடையது. பெண்கள் இல்லை. வயலில் உழுதவர்கள் இல்லை.

ஒரே கல்வெட்டை வைத்துச் சோழ நாட்டையே அளக்கவும் கூடாது. வரலாற்றாய்வாளர் நொபொரு கராஷிமா ஜப்பானிலிருந்து வந்து, ஏராளமான சோழர் கல்வெட்டுகளைத் தொகுத்து எண்ணிப் பார்த்துத்தான் நிலவுடைமை மாறிய விதத்தைச் சொன்னார்.

பெருமைப்பட வேண்டாம் என்று துறை சொல்லித்தரவில்லை. முழுசாகப் படித்துவிட்டுப் பெருமைப்படு என்றது. எனக்கு அது போதும்.