அவரவர் சுமை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாழும் ரெபெக்கா பிரின்ஸ்-ரூயிஸ் 2011இல் ஒரு குப்பை பிரிக்கும் நிலையத்தைப் பார்க்கப் போனார். மலை மலையாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர், அடுத்த மாதம் முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை வாங்காமல் இருந்து பார்ப்பது என்று முடிவெடுத்தார். அடுத்து வந்தது ஜூலை. கூட வேலை பார்த்த சிலரும் சேர்ந்துகொண்டார்கள். அப்படித் தொடங்கியதுதான் இன்று பல நாடுகளில் மக்கள் கடைப்பிடிக்கும் ‘பிளாஸ்டிக் இல்லா ஜூலை’.

இதில் என்னை ஈர்த்தது, அவர் தன் குப்பை போய்ச் சேரும் இடத்துக்கே போனார் என்பது. சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துச் சில நாட்கள் எரிந்தபோது புகை எங்கள் தெருவுக்கே வந்தது. ஜன்னலைச் சாத்தினாலும் தொண்டை கரித்தது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு இரவெல்லாம் இருமல். அங்கே எரிந்ததில் எங்கள் வீட்டிலிருந்து போனதும் இருந்திருக்கும். அதே 2022இல்தான், அந்தக் கிடங்கை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது.

புகை அடங்கிய பிறகு நானும் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேசினோம். சமையலறைக் கழிவு வாசலைத் தாண்டக் கூடாது. கடைக்குப் போனால் பையும் பாத்திரமும் நம்முடையதாக இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் வண்டியை எடுக்கக் கூடாது. இந்த மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். அப்போது நான் நான்காவதாக ஒன்று சொன்னேன்: “என்னங்க, யார் எதை ஏத்துக்கிறோமோ அவங்கதான் அதைச் செய்யணும். இன்னொருத்தர் தலையில கட்டக் கூடாது.” அவர் சிரிக்கவில்லை. “சரி, குப்பை என்னோடது. நீ அந்தப் பக்கமே வர வேணாம்” என்றார்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் வீடுகளில் சிறுதானியத்துக்கு மாறுவோம் என்று ஒருவர் அறிவிப்பார், விடியற்காலையில் எழுந்து கேழ்வரகுக் களி கிண்டுவது இன்னொருவர். பிளாஸ்டிக் வேண்டாம் என்பார், எண்ணெய்ப் பிசுக்குள்ள தூக்குகளைத் தேய்ப்பது யார்? பசுமை வாழ்க்கை என்று பேசப்படுவதில் பெரும்பகுதி பெண்களின் கூடுதல் உழைப்பாகவே முடிகிறது. எத்தனையோ வீடுகளில் நல்ல தீர்மானங்கள் ஒரு மாதத்தில் செத்துப்போவதற்கு மனவுறுதி இல்லாதது காரணம் என்று நான் நம்பவில்லை. தீர்மானம் ஒருவருடையதாகவும் சுமை வேறொருவருடையதாகவும் இருந்ததுதான் காரணம்.

குப்பை அவருடைய பொறுப்பு என்றாலும் பார்த்துப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். பால்கனியில் அடுக்கிய மூன்று மண்பானைகள், பக்கவாட்டில் துளை போட்டவை. காய்கறித் தோல், காப்பிப் பொடிச் சக்கை, வாடிய பூ, முருங்கைக் காம்பு, வாழைப்பழத் தோல் எல்லாம் மேல் பானைக்குப் போகும். ஒவ்வொரு முறையும் அதன்மேல் ஒரு கை காய்ந்த சருகோ தென்னை நார்த் தூளோ தூவ வேண்டும். மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் இருபத்தைந்து முப்பது பங்காவது வேண்டும். பச்சைக் கழிவில் தழைச்சத்து அதிகம், சருகில் கரிமம் அதிகம். சருகு குறைந்தால் ஈரம் தேங்கி, காற்று புகாமல் நாற்றம் எடுக்கும். கிளறிவிட்டு இன்னும் கொஞ்சம் சருகு போட்டால் மறுநாளே அடங்கிவிடும். தொடங்கும்போது புளித்த மோரை நீர்க்கத் தெளித்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. நன்றாக நடக்கும் பானைக்குள் கை வைத்தால் சூடு தெரியும்.

புழுவைப் பார்த்ததும் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். சாம்பல் நிறத்தில் தட்டையாக நெளிபவை பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழுக்கள். அவை கடிப்பதில்லை, நோய் பரப்புவதில்லை, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கின்றன. வளர்ந்த அந்த ஈ சாப்பாட்டின் மேல் வந்து உட்காருவதும் இல்லை. இதெல்லாம் தெரிந்த பிறகு அருவருப்பு தானாகப் போய்விட்டது. இரண்டு மூன்று மாதத்தில் அடிப்பானையில் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்ணின் வாசத்தோடு உரம் இறங்குகிறது.

இதே கழிவு பிளாஸ்டிக் பையில் கட்டப்பட்டுக் கிடங்குக்குப் போனால், காற்றில்லாத ஆழத்தில் அழுகி மீத்தேன் ஆகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட அது ஏறத்தாழ 28 மடங்கு வலியது. கிடங்குகள் தீப்பற்றுவதற்கும் அந்த வாயு ஒரு காரணம். ஆனால் எனக்கு மீத்தேனைவிட முக்கியமாகப் படுவது கைகள். தினமும் காலையில் எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் அம்மா, எல்லா வீட்டுப் பையையும் அவிழ்த்து, சாம்பார் சொட்டும் சோற்றுக்கு நடுவிலிருந்து பாட்டிலையும் அட்டையையும் பொறுக்கி எடுப்பார். குப்பையைப் பிரித்தே தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டுக்காரர்கள்மேல்தான் கடமையை வைத்திருந்தன. அந்தக் கடமையை நாம் அவர் கையில் தள்ளியிருந்தோம். இப்போது எங்கள் வீட்டிலிருந்து அவருக்குப் போவது காய்ந்த பொருள் மட்டும். “உங்க வீட்டுது கை கூசாம எடுக்கலாம்மா” என்று ஒருநாள் சொன்னார். அதற்குமுன் எத்தனை வருடம் கூசியிருக்கும்!

பை விஷயத்தில் தமிழ்நாட்டில் பாதிப் பாதையைச் சட்டமே போட்டுக் கொடுத்திருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரம்கூட வைத்தார்கள். தடை இருந்தும் கறிக்கடையிலும் பூக்கடையிலும் கறுப்புக் கவர் நீளத்தான் செய்கிறது. மீன் வாங்க எவர்சில்வர் டப்பாவை நீட்டினால் கடைக்காரருக்கும் மகிழ்ச்சிதான், அவருக்குக் கவர்க் காசு மிச்சம். பால் கவருக்குத் தடையில் விலக்கு உண்டு. அதன் மூலையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறி, கழுவிக் கொடியில் காயவைத்துப் பழைய பேப்பர் கடையில் போடுகிறோம்.

டீக்கடைப் பேப்பர் கப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது காகிதம் என்று நம்பிக் குடிக்கிறோம். உட்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல் அதில் டீ நிற்காது. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், சூடான திரவம் 100 மில்லி அளவு பதினைந்து நிமிடம் அந்தக் கப்பில் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலப்பதைக் கண்டார்கள். சூடான சாம்பாரைக் கவரில் கட்டி வாங்குவதும் இதற்குக் குறைந்ததல்ல. கண்ணாடி டம்ளரில் டீ, தூக்கில் சாம்பார் என்று மாறியது பூமிக்காகவா உடம்புக்காகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

நடையும் அப்படித்தான். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, நடங்கள் என்று மருத்துவர் பலமுறை சொல்லியிருந்தார். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பூங்காவைச் சுற்றிச் சுற்றி வருவதற்கு எனக்கு மனம் வராது, அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. ஆனால் அண்ணாச்சி கடைக்குப் போய் அரிசி, பருப்பு, தேங்காய் வாங்கி இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வருவது வேறு. நடந்தே தீர வேண்டும், சுமந்தே தீர வேண்டும். இறுக்கிப் பிடித்தபடி பையைச் சுமப்பது தோளுக்கும் எலும்புக்கும் நல்லது. தூக்க முடிந்ததை மட்டும் வாங்குவதால் வீட்டில் தேவையில்லாமல் சேரும் நொறுக்குத்தீனியும் குறைந்துவிட்டது. நடைபாதை என்று சொல்லிக்கொள்ள எங்கள் பகுதியில் அதிகம் இல்லை, வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கித்தான் போக வேண்டும். இதை மக்களின் சோம்பல் என்று சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. நடக்க இடம் வேண்டாமா?

பழக்கம் 21 நாளில் வந்துவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமல் வரும் நிலைக்கு நடுவாக 66 நாள் ஆகும் என்பது அவர்கள் கணக்கு. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை ஆகலாம். எனக்குப் பெரிய ஆறுதல் தந்த முடிவு இன்னொன்று: இடையில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது கெட்டுவிடுவதில்லை. விரதம் முறிந்தது போல எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. ஊருக்குப் போய்வந்த மறுநாள் பானையைத் திறந்து ஒரு கை சருகு போட்டால் போதும். வடகிழக்குப் பருவமழையில் காய்ந்த சருகு கிடைக்காது என்பதால், வீட்டுக்காரர் இப்போது புரட்டாசியிலேயே வேப்பஞ்சருகைக் கூட்டிச் சாக்கில் கட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்துவிடுகிறார்.

எங்கள் கையால் தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது: பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு, மசாலாத் தூள் உறைகள். பிளாஸ்டிக்கும் அலுமினியப் படலமும் ஒட்டிய பல அடுக்கு என்பதால் பிரிக்க முடியாது, பழைய பேப்பர் கடையும் வாங்காது. எவ்வளவு குறைத்தாலும் மருந்து அட்டையும் மசாலாப் பொட்டலமும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. இவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. அதற்கான வழிகாட்டுதல்கள் 2022இல் விரிவாகவே வந்தன. எங்கள் தெருவுக்கு இன்னும் யாரும் வந்து கேட்கவில்லை. எங்கள் சுமையை நாங்கள் சுமக்கப் பழகிவிட்டோம், அவர்கள் தங்களுடையதைச் சுமக்கட்டும். வார்டின் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் இதைக் கேட்பதென்று கீழ்வீட்டு அக்காவும் நானும் முடிவு செய்திருக்கிறோம். உறைகளைக் கழுவித் தனிச் சாக்கில் சேர்த்துவருகிறோம், கூட்டத்துக்கு அதையும் எடுத்துப் போவோம்.